சத்தத்தை விழுங்கும் சுவர்: மெத்தையில் தொடங்கி கம்ப்யூட்டர் வரை வந்த கதை



மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ தூண்கள் எழுந்த நாளிலிருந்து லிஃப்டிலும் பார்க்கிங்கிலும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ரயில் ஓடத் தொடங்கினால் நம்ம வீட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும்? தடுப்புச் சுவர் வைப்பார்களா?" மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை போகும் 5-ஆவது வழித்தடம் நம் பகுதியில் தூண்களின் மேல்தான் வருகிறது. கோவிலம்பாக்கத்துக்கும் ஒரு நிலையம் உண்டு. இன்னொரு பக்கம் 200 அடி ரேடியல் ரோடு, லாரி, பஸ், ஹாரன் என்று ஏற்கெனவே இரைந்துகொண்டிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டில் வந்தன. அவற்றின்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே வரம்பு. வணிகப் பகுதிக்கு அது 65-ம் 55-ம். 2011-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் ஏழு பெருநகரங்களில் இரவு பகலாகச் சத்தத்தை அளக்கும் கருவிகளை நிறுவத் தொடங்கியது. சென்னையும் அந்த ஏழில் ஒன்று. சென்னையின் அளவீட்டு இடங்களில் நம் பக்கத்து ஊரான பள்ளிக்கரணையும் இருக்கிறது.

அளப்பதற்குக் கருவி வந்துவிட்டது. குறைப்பதற்கு என்ன வழி? சாலையோரத்திலும் ரயில் பாதையோரத்திலும் வைக்கும் ஒலித்தடுப்புச் சுவர் ஒரு வழி. பார்க்க வெறும் பலகை போலத்தான் இருக்கும். அதன் உள்ளே என்ன பொருள், எத்தனை அடுக்கு, எவ்வளவு கனம் என்பதை இன்று கம்ப்யூட்டரே தேடிக் கண்டுபிடிக்கிறது. அந்த நிலைக்கு உலகம் எப்படி வந்தது என்று தெரிந்தால், நாளை அதிகாரிகளிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மெத்தையை எண்ணிய பேராசிரியர்

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகம் கட்டப்பட்டது. அதன் விரிவுரை அரங்கில் பேசினால் ஒன்றும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்தரை நொடி வரை சுவர்களில் மோதி மோதி ஒலித்துக்கொண்டிருந்தது. இதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது.

தெருச் சத்தம் அடங்கிய நள்ளிரவுக்குப் பிறகு அவர் வேலையைத் தொடங்குவார். பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்குவார். ஆர்கன் குழாயை ஊதிவிட்டு, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளப்பார். இன்னும் சில மெத்தைகளைச் சேர்த்து மீண்டும் அளப்பார். விடிவதற்குள் எல்லா மெத்தைகளையும் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்.

இப்படிப் பல இரவுகள் உழைத்து அவர் கண்டது எளிமையான ஓர் உண்மை. ஒவ்வொரு பொருளும் தன் மேல் விழும் ஒலியில் ஒரு பங்கை விழுங்குகிறது. அந்தப் பங்கை எண்ணால் சொல்லலாம். திறந்த ஜன்னல் தன் மேல் விழும் ஒலியை முழுவதும் வெளியே விட்டுவிடும், ஆகவே அதற்கு 1. பளிங்குச் சுவர் கிட்டத்தட்ட 0. மெத்தையும் கம்பளமும் இடையில். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பனி அரங்கம் இந்தக் கணக்கை வைத்துக் கட்டப்பட்டதே. இன்று ஒலித்தடுப்புப் பலகையின் விவரத்தாளில் நீங்கள் பார்க்கும் உறிஞ்சு எண்ணுக்கு மூலம் அந்த மெத்தைகள்தான்.

சுவர் சாலைக்கு வந்தது

அரங்கத்துக்கு உள்ளே பிறந்த இந்த அறிவு சாலைக்கு வர எழுபது ஆண்டுகள் ஆயின. 1960-களில் பெரிய நெடுஞ்சாலைகள் வீடுகளை ஒட்டி ஓடத் தொடங்கியபோது கலிஃபோர்னியாவில் முதல் தடுப்புச் சுவர்கள் எழுந்தன. "எவ்வளவு உயரம் வைத்தால் எவ்வளவு குறையும்?" என்ற கேள்வியும் கூடவே வந்தது.

ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மயேகாவா 1968-இல் அதற்கு விடை தந்தார். ஒலி சுவரை முட்டி நின்றுவிடுவதில்லை. சுவரின் மேல் விளிம்பில் வளைந்து மறுபக்கம் இறங்குகிறது. நேர்வழியைவிட அது சுற்றிவரும் வழி எவ்வளவு நீளமோ, அதற்கேற்பச் சத்தம் குறையும். அந்த நீள வேறுபாட்டை ஒலியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் போதும், பதில் கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கை நம் பகுதி அடுக்குமாடி ஒன்றுக்குப் போட்டுப் பார்க்கலாம். சாலையில் ஓடும் வண்டிக்கும் சுவருக்கும் 10 மீட்டர். சுவரின் உயரம் 3 மீட்டர், அதாவது சுமார் 10 அடி. சுவரிலிருந்து கட்டடம் 15 மீட்டர். சாதாரண வண்டிச் சத்தத்துக்கு 500 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். தரைத்தளத்து ஜன்னலில் ஏறத்தாழ 14 டெசிபல் குறைகிறது. முதல் மாடியில் 8 டெசிபல். இரண்டாம் மாடியிலிருந்து பார்த்தாலே சுவருக்கு மேல் வண்டி கண்ணில் பட்டுவிடுகிறது, பலன் மிகக் குறைவு. மூன்றாம், நான்காம் மாடிகளுக்குச் சுவர் இருந்தும் இல்லாதது போலத்தான். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ பாதியானது போலத் தோன்றும் என்பதை வைத்து இந்த எண்களை எடைபோடுங்கள்.

காம்பவுண்டு சுவருக்கு மேல் தகரம் அடித்தால் சத்தம் நின்றுவிடாதா என்று கூட்டங்களில் கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வண்டி கண்ணில் தெரிகிறதா, சுவர் உங்களைக் காப்பாற்றவில்லை. நடுவில் ஒரு கேட் திறப்பு விட்டாலும் அதன் வழியே சத்தம் உள்ளே வந்துவிடும்.

நகோயாவின் 575 பேர்

ஜப்பானில் 1964-இல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. உலகமே வியந்தது. ஆனால் நகோயா நகரில் பாலத்தை ஒட்டிக் குடியிருந்தவர்களுக்குச் சத்தமும் அதிர்வும் தாங்க முடியவில்லை. 1974-இல் 575 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டே ஜப்பான் அரசு குடியிருப்புப் பகுதிக்கு 70 டெசிபல் என்று அதிவேக ரயிலுக்கான தர அளவை அறிவித்தது. வழக்கு 1986-இல் சமரசத்தில் முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் பாதையோரச் சுவர்கள் பற்றிய ஆராய்ச்சி வேகம் பிடித்தது. தலைகீழ் 'ட' போல மேலே உள்பக்கம் மடிந்த சுவர்கள் அங்கே பழக்கத்துக்கு வந்தன.

ரயில் பாதையில் இன்னொரு சிக்கல் உண்டு. பெட்டியின் பக்கச் சுவரும் தடுப்புச் சுவரும் சில அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன. தடுப்பு வழவழப்பான கான்கிரீட்டாகவோ இரும்பாகவோ இருந்தால், ஒலி இரண்டுக்கும் இடையே பந்துபோல் மோதி மோதி மேலேறி வெளியே வந்துவிடும். சாலையிலும் இதே கதைதான். ஒரு பக்கம் மட்டும் கெட்டியான சுவர் வைத்தால், அது திருப்பி அனுப்பும் ஒலியால் எதிர்ப்பக்க வீடுகளில் 3 டெசிபல் வரை கூடலாம். நமக்குக் குறைத்து எதிர்வீட்டாருக்குக் கூட்டுவது தீர்வாகாது. ஆகவே சுவர் ஒலியை மறித்தால் போதாது, விழுங்கவும் வேண்டும். பொருள் பற்றிய கேள்வி இங்கேதான் முக்கியமாகிறது.

எதை உள்ளே வைப்பது?

ஒலி என்பது காற்றின் அசைவு. கண்ணாடி இழை, பாறை இழை போன்ற பஞ்சுப் பொருள்களின் நுண்ணிய இடைவெளிகளில் காற்று நுழைந்து உராயும்போது ஒலி ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. 1970-இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த டெலனி, பாஸ்லி இருவரும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பஞ்சின் வழியே காற்றைச் செலுத்தும்போது எவ்வளவு தடை ஏற்படுகிறது என்ற ஒரே ஓர் எண் தெரிந்தால், அது எந்த ஒலியை எவ்வளவு விழுங்கும் என்று கணக்கிட்டுவிடலாம்.

பஞ்சுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து ஊறினால் அதன் இடைவெளிகளைத் தண்ணீர் அடைத்துக்கொள்ளும். சாலைப் புழுதியும் அப்படியே. 1975-இல் சீன விஞ்ஞானி மா தாயூ இதற்கு மாற்று ஒன்றைக் கணக்கோடு முன்வைத்தார். மெல்லிய தகட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய துளைகளை நெருக்கமாகப் போட்டு, பின்னால் காற்று இடைவெளி விட்டால் பஞ்சே இல்லாமல் ஒலி அடங்கும். 1992-இல் ஜெர்மனியின் பான் நகரில் கண்ணாடிச் சுவர்களோடு திறந்த நாடாளுமன்ற அரங்கில் பேச்சு எதிரொலித்துக் குழம்பியபோது, நுண்துளை போட்ட ஒளிபுகும் அக்ரிலிக் பலகைகளை வைத்தே சரிசெய்தார்கள்.

நம் ஊர்ப் பொருளும் இந்த ஆராய்ச்சியில் உண்டு. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தினர் தேங்காய் நாரை அடைத்துச் சோதித்தார்கள். நாருக்குப் பின்னால் காற்று இடைவெளி விட்டால் தாழ்ந்த சுருதி ஒலியையும் அது நன்றாக விழுங்குகிறது என்று கண்டார்கள். பொள்ளாச்சியில் மலைபோல் குவியும் நாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

10 கோடி சேர்க்கைகள்

இனி கம்ப்யூட்டரின் வேலை. ஒரு தடுப்புப் பலகைக்குள் நான்கு அடுக்குகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அடுக்குக்கும் 10 வகைப் பொருள்கள், 10 வகைக் கனங்கள். ஓர் அடுக்குக்கே 100 வாய்ப்பு. நான்கு அடுக்குக்கு 10 கோடி. ஒவ்வொன்றையும் செய்து சோதனைக் குழாயில் வைத்து அளக்க ஒரு மணி நேரம் என்றால், இரவு பகல் நிற்காமல் அளந்தாலும் 11,000 ஆண்டுகளுக்கு மேலாகும்.

அளப்பதற்குப் பதில் கணக்கிடலாம். ஒவ்வோர் அடுக்கையும் ஓர் எண் அட்டவணையாக எழுதி, அட்டவணைகளை ஒன்றோடொன்று பெருக்கினால் முழுப் பலகையின் குணம் தெரிந்துவிடும். வண்டியின் சைலன்சரை வடிவமைப்பதும் இதே முறையில்தான். அந்தத் துறையில் உலகம் முழுவதும் படிக்கப்படும் நூல்களில் ஒன்றை 1987-இல் எழுதியவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் எம்.எல். முஞ்சல். ஒலியை அடக்கும் கணக்கில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கணக்கு வேகமானாலும், அடுக்குகளையும் கன அளவுகளையும் இன்னும் கொஞ்சம் கூட்டினால் வாய்ப்புகள் கோடி கோடியாகப் பெருகிவிடும். ஆகவே எல்லாவற்றையும் பார்க்காமலே நல்லதைத் தேடும் தந்திரங்கள் தேவைப்பட்டன. 1975-இல் ஜான் ஹாலண்டு வெளியிட்ட மரபணு முறை அவற்றில் ஒன்று. இந்தப் பகுதி வயலாக இருந்த காலத்து விவசாயிக்கு அது புரிந்திருக்கும். விளைந்ததில் நல்ல கதிரை விதைக்கு எடுத்துவைப்பது, அடுத்த போகத்தில் அதிலும் நல்லதை எடுப்பது. கம்ப்யூட்டர் நூறு பலகை வடிவங்களை உத்தேசமாக எடுத்துக் கணக்கிட்டு, நன்றாக வந்தவற்றைக் கலந்து அடுத்த தலைமுறையை உண்டாக்குகிறது. 1983-இல் கிர்க்பாட்ரிக்கும் அவருடைய சகாக்களும் சொன்ன இன்னொரு முறைக்குக் கொல்லுப்பட்டறைதான் உவமை. காய்ச்சிய உலோகத்தை மெல்ல ஆறவிட்டால் அது உறுதியாக அமைவது போல, தேடலையும் முதலில் தாராளமாக அலையவிட்டு மெல்ல மெல்ல இறுக்குவது.

சுவரின் உருவத்தையும் இப்படித் தேடத் தொடங்கினார்கள். 1980-இல் கனடாவின் டொராண்டோவில் மேலே பலகை வைத்த ஆங்கில டி எழுத்து வடிவச் சுவரைச் சாலையோரத்திலேயே நிறுத்திச் சோதித்தார்கள். 1991-இல் இங்கிலாந்தின் ஹாதர்சால் குழு சுவரின் விளிம்பைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒலி எப்படி வளைகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுக் காட்டியது. 2006-இல் பிரான்சின் துயூஹாமெல் மரபணு முறையைச் சுவர் வடிவத்துக்குப் பயன்படுத்தினார். 2008-இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், எந்த இடத்தில் பொருள் வேண்டும், எந்த இடம் காலியாக இருக்க வேண்டும் என்பதையே கம்ப்யூட்டரிடம் விட்டார்கள். 2010-இல் ஸ்பெயினின் லாஸ் பால்மாஸ் ஆய்வாளர்கள் சத்தம், செலவு இரண்டையும் ஒன்றாக வைத்துத் தேடினார்கள். கொஞ்சம் கூடுதல் பொருளுக்கு எவ்வளவு கூடுதல் அமைதி கிடைக்கும் என்று பட்டியலாகவே எடுத்துவிடலாம்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாதது

இவ்வளவு திறமை இருந்தும் கம்ப்யூட்டர் நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். "நல்ல சுவர் எது?" என்று கேட்க முடியாது. "இந்தச் சத்தத்துக்கு, இந்த உயரத்தில் இருக்கும் ஜன்னலுக்கு, இந்தச் செலவுக்குள் எது நல்லது?" என்றுதான் கேட்க வேண்டும்.

ஐரோப்பாவில் 1997 முதல் சாலைத் தடுப்புகளுக்கு ஒரு தர அளவு இருக்கிறது. அங்கத்திய போக்குவரத்துச் சத்தத்தின் சராசரி அதில் எண்களாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. டயரும் எஞ்சினும் தரும் ஒலி அது, 1,000 ஹெர்ட்ஸை ஒட்டி அதிகம். நம் ஈச்சங்காடு சிக்னலில் பச்சை விழுவதற்கு இரண்டு நொடி முன்பே அடிக்கத் தொடங்கும் ஹாரன் அந்தச் சராசரியில் இல்லை. ஹாரனின் கூர்மையான ஒலி அதைவிட உயர்ந்த சுருதி. ஐரோப்பியச் சராசரிக்குச் சிறந்ததாகத் தேர்ந்த பலகையை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டால், அது தவறான கேள்விக்கான சரியான பதிலாகிவிடும். மழை, புழுதி, வெயில் மூன்றுக்கும் பத்தாண்டு தாங்குமா என்பதும் கேள்வியில் சேர வேண்டும்.

இந்தியாவிலும் தடுப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. மும்பையில் அவாஸ் பவுண்டேஷனைத் தொடங்கிய சுமைரா அப்துலாலி கையில் அளவுகோலோடு தெருத்தெருவாகச் சத்தத்தை அளந்து நீதிமன்றம் வரை போனவர். அந்த நகரின் மேம்பாலங்கள் சிலவற்றில் ஒலித்தடுப்புகள் நிற்கின்றன. நம் ஓசூர், சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி போகும் அதே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மத்திய இந்தியாவின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தைக் கடக்கும் இடத்தில், விலங்குகளுக்காகச் சாலையின் இருபுறமும் ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்தில் ஒலியும் வெளிச்சமும் மறைக்கும் சுவர்கள் இருக்கின்றன. புலிக்குக் கிடைத்த கவனம் நமக்கும் கிடைக்கட்டும் என்று கேட்பதில் தவறில்லை.

நாம் என்ன செய்யலாம்?

நகோயாவில் கேள்வி கேட்டவர்கள் குடியிருப்பவர்கள்தான். விஞ்ஞானிகள் பிறகு வந்தார்கள். நாமும் நான்கு வேலைகள் செய்யலாம்.

முதலாவது, ரயில் ஓடுவதற்கு முன்பே இன்றைய சத்தத்தைப் பதிவுசெய்து வைப்பது. தரைத்தளம், நடுமாடி, மேல்மாடி மூன்றிலும், பகலிலும் இரவு 10-க்குப் பிறகும். முன்பு எவ்வளவு என்ற எண் கையில் இல்லாமல் பின்பு எவ்வளவு கூடியது என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஃபோன் செயலி துல்லியமானதல்ல, ஆனாலும் ஒரே ஃபோனில் ஒரே இடத்தில் எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இரண்டாவது, தடுப்பு வைப்பதாகச் சொன்னால் "உயரம் என்ன?" என்பதோடு நிறுத்தாமல் "உள்பக்கம் ஒலியை விழுங்குமா, திருப்பி அனுப்புமா?" என்றும் கேட்பது.

மூன்றாவது, "எந்த மாடி வரை கணக்குப் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்பது. ரயில் உயரத்தில் ஓடுவதால் இங்கே நிலைமை சாலைக்கு நேர்மாறாகவும் இருக்கலாம். தண்டவாளத்துக்குக் கீழே இருக்கும் தளங்களைப் பாலமே ஓரளவு மறைக்கும். சக்கரத்துக்கு அருகில் வைக்கும் குட்டைச் சுவர்கூட நன்றாகப் பயன்படும். ஆனால் தண்டவாள மட்டத்துக்கு மேலே ஜன்னல் உள்ளவர்களுக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

நான்காவது நம் கையிலேயே இருக்கிறது. எந்தப் பலகையும் விழுங்க வேண்டாத சத்தம், அடிக்காத ஹாரன்தான். நம் கேட்டில் வாட்ச்மேனைக் கூப்பிட ஹாரன் அடிப்பதை நிறுத்தினால், அதற்குக் கணக்கும் வேண்டாம், செலவும் இல்லை.

அடுத்த பொதுக்குழுவில் இந்த அளவெடுப்பு வேலைக்கு ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் இருவர் பெயர் கொடுத்தால் நன்றாக இருக்கும். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் முன்வந்தால் இன்னும் நல்லது.